கடைசி மூன்று வாரம்: ஒரு பருவ இறுதியின் நிகழ்வு ஆய்வு

600 மாணவர். 6 முதல் 10 வரை ஐந்து வகுப்பு, வகுப்புக்கு மூன்று பிரிவு, பிரிவுக்கு 40 பேர். தேர்வுப் பாடங்கள் ஐந்து. அவற்றுக்கு 19 ஆசிரியர்கள். உடற்கல்வி, ஓவியம், இசை, கணினி, நூலகம் ஆகியவற்றுக்கு இன்னும் 5 பேர். ஒரு பருவம் 16 வாரம், அதாவது 80 வேலை நாள். நாளுக்கு 40 நிமிடப் பாடவேளை எட்டு. இந்த ஆய்வுக்காக இப்படி ஒரு பள்ளியை வகுத்துக்கொண்டிருக்கிறோம். எண்களைக் கணக்குக்கு வசதியாக எடுத்திருக்கிறோம். ஆனால் கீழே வரும் சிக்கல்களில் எதுவும், ஒரு பள்ளியை நடத்தியவருக்குப் புதிதாக இருக்காது.

பருவம் முடிந்து தலைமை ஆசிரியர் திரும்பிப் பார்க்கும்போது முதலில் மனிதர்கள்தான் நினைவுக்கு வருவார்கள்: யார் தாமதித்தார், யார் முகம் சுளித்தார், யார் இரவு பத்து மணிவரை இருந்து உதவினார். அவர் முதலில் பார்க்க வேண்டியது தேதிகளை. பருவ இறுதியில் வெடிக்கும் நெருக்கடியில் பெரும்பகுதி, பருவம் தொடங்கும் முன்பே நாட்காட்டியில் எழுதப்பட்டுவிடுகிறது.

நடந்தது

66ஆம் நாள் தேர்வு தொடங்கியது. காலையில் நாளுக்கு ஒரு பாடம்: முதல் மொழி, இரண்டாம் மொழி, கணிதம், அறிவியல், சமூக அறிவியல். 70ஆம் நாளோடு தேர்வு முடிந்தது. மதிப்பெண்களைப் பதிவேற்றக் கடைசி நேரம் 74ஆம் நாள் மாலை. 75ஆம் நாள் ஆண்டு விழா. 77ஆம் நாள் ரிப்போர்ட் கார்டு கையில் இருக்க வேண்டும். 78ஆம் நாள் பெற்றோர் சந்திப்பு. 80ஆம் நாள் பருவம் முடிவு. தாளில் பார்த்தால் ஒன்றும் உறுத்தவில்லை.

74ஆம் நாள் மாலை நிலவரம் வேறு. இரண்டு மொழிகளும் கணிதமும் முழுமையாக ஏறியிருந்தன. அறிவியலில் 2 பிரிவு பாக்கி. சமூக அறிவியலில் 15 பிரிவில் 9தான் ஏறியிருந்தது. விழா முடிந்த களைப்போடு மீதியைத் திருத்தி 76ஆம் நாள் இரவு ஏற்றினார்கள். சரிபார்க்க வைத்திருந்த ஒன்றரை நாள் காணாமல் போனது. கார்டுகள் 77ஆம் நாள் இரவு அச்சாகி, 78 காலையில் வகுப்பாசிரியர் கைக்கு வந்தன. ஒரு பிரிவில் 23ஆம் எண்ணுக்குக் கீழே இருந்த எல்லாருக்கும் முந்தைய எண்ணுக்குரியவருடைய சமூக அறிவியல் மதிப்பெண் விழுந்திருந்தது. அதைப் பள்ளி கண்டுபிடிக்கவில்லை. மூன்றாவதாக உள்ளே வந்த பெற்றோர் கண்டுபிடித்தார்.

பருவ இறுதிக் குறிப்பில் தலைமை ஆசிரியர் முதலில் எழுதிய வரி: "சமூக அறிவியல் துறை காலக்கெடுவை மதிக்கவில்லை." இந்த ஆய்வு தொடங்கியது அந்த வரியில்தான்.

திருத்தும் நேரத்தின் கணக்கு

முதல் மொழிக்கு ஆசிரியர் 5 பேர். ஆளுக்கு 3 பிரிவு, 120 விடைத்தாள். கட்டுரையும் கடிதமும் உள்ள தாள், ஒன்றுக்கு 12 நிமிடம். கூட்டிச் சரிபார்த்துப் பட்டியலில் எழுதுவதும் இதில் அடக்கம். ஆளுக்கு 24 மணி நேரம். இரண்டாம் மொழிக்கு 4 பேர், சராசரியாக 150 தாள், 10 நிமிடம்: 25 மணி. கணிதத்துக்கும் 4 பேர், 150 தாள். ஆனால் 6 நிமிடம் போதும்: 15 மணி. அறிவியலுக்கு 3 பேர், 200 தாள், 8 நிமிடம்: 26 மணி 40 நிமிடம். சமூக அறிவியலுக்கும் 3 பேர்தான். 200 தாள், பத்தி பத்தியாக விடை, 10 நிமிடம்: 33 மணி 20 நிமிடம்.

இனி, கையில் இருக்கும் நேரம். தேர்வு நாட்களில் பிற்பகல் 2 மணி நேரம், பள்ளி விட்ட பிறகு 2 மணி நேரம். அடுத்த வாரம் வகுப்புகள் நடக்கும்போது, வாரம் 25 பாடவேளை எடுக்கும் ஆசிரியருக்கு நாளுக்கு 3 ஓய்வுப் பாடவேளை, அதாவது 2 மணி. மாலையில் 2 மணி. எப்படிப் பார்த்தாலும் நாளுக்கு 4 மணி நேரம். அதற்கு மேல் கேட்பது வீட்டு நேரத்தைக் கேட்பது.

முதல் மொழித் தேர்வு 66ஆம் நாள். 74 வரை 9 நாள், 36 மணி நேரம், தேவை 24. இரண்டாம் மொழிக்கு 32 மணி கிடைத்தது, தேவை 25. கணிதத்துக்கு 28, தேவை 15. அறிவியலுக்கு 24 மணிதான் கிடைத்தது. தேவை 26 மணி 40 நிமிடம். சமூக அறிவியலுக்குக் கிடைத்தது 20 மணி. தேவை 33 மணி 20 நிமிடம். ஆளுக்கு 13 மணி 20 நிமிடம் பற்றாக்குறை. கிடைத்த நேரத்தில் வேலையில் 60 விழுக்காடுதான் முடியும். 15 பிரிவில் 60 விழுக்காடு என்றால் 9 பிரிவு. அவர்கள் ஏற்றியிருந்ததும் 9 பிரிவுதான்.

அந்த 20 மணி நேரமும் முழுதாகக் கிடைக்கவில்லை. 71 முதல் 74 வரை ஓய்வுப் பாடவேளைகள் விழா ஒத்திகைக்குப் போயின. 8 மணி நேரம் இழப்பு. அதைச் சனியும் ஞாயிறும் வீட்டில் உட்கார்ந்து ஈடுகட்டியிருக்கிறார்கள். காலக்கெடுவை மதிக்காதவர்கள் என்று குறிப்பில் ஏறிய மூன்று பேர், விடுமுறை நாளில் ஆளுக்கு 8 மணி நேரம் வேலை செய்தவர்கள். இது குறிப்பேட்டில் எங்கும் இல்லை.

தேர்வு வரிசையை யார் வகுத்தார்கள் என்று தேடினால் யாரும் வகுக்கவில்லை. "எப்பவும் மொழிதானே முதல்ல வரும்" என்பதற்கு மேல் காரணம் இல்லை. அதே ஐந்து நாள், அதே ஆசிரியர்கள், வரிசையை மட்டும் மாற்றினால்: 66இல் சமூக அறிவியல் (கையில் 36 மணி, தேவை 33:20), 67இல் அறிவியல் (32, தேவை 26:40), 68இல் இரண்டாம் மொழி (28, தேவை 25), 69இல் முதல் மொழி (24, தேவை 24), 70இல் கணிதம் (20, தேவை 15). ஐந்தும் பள்ளி நேரத்துக்குள்ளும் மாலை 2 மணி நேரத்துக்குள்ளும் அடங்குகின்றன. ஒரு ரூபாய் செலவு கிடையாது, கூடுதலாக ஒரு ஆள் வேண்டாம்.

இந்த வரிசையிலும் இடறும் இடங்கள் உண்டு. முதல் மொழிக்கு மிச்சமே இல்லை. ஒருவர் ஒரு நாள் விடுப்பு எடுத்தால் கணக்கு உடைந்துவிடும். அதனால் அந்தத் துறைக்குத் தேர்வு வாரத்தில் பதிலி வகுப்பும் கூடுதல் கண்காணிப்பும் போடக் கூடாது. சமூக அறிவியல் வினாத்தாள் முதல் நாளுக்கே தயாராக வேண்டும் என்பதால் அதன் அச்சுப் பணி நான்கு நாள் முன்னால் நகர வேண்டும். படிக்க நிறைய உள்ள இரண்டு பாடங்கள் அடுத்தடுத்து வருவதால், மாணவருக்குப் பொருத்தமாகத் திருப்புதல் வகுப்புகளையும் முந்தைய வாரத்தில் அதே வரிசையில் வைக்க வேண்டும். இவற்றையெல்லாம் 3ஆம் வாரத்தில் முடிவு செய்தால் எளிது. 13ஆம் வாரத்தில் முடியாது.

விழாவை 75ஆம் நாளில் வைத்தது இன்னொரு தவறு. தேர்வுக்கும் மதிப்பெண் கெடுவுக்கும் இடையில் எந்த நிகழ்ச்சியும், அதற்கான ஒத்திகையும் கூடாது என்பதை விதியாகவே வைத்துக்கொள்ளலாம். 11ஆம் வாரத்தில் வைத்தால் ஒத்திகை 9, 10ஆம் வாரங்களில் வரும். பாடம் கொஞ்சம் தள்ளிப்போகும். ஆனால் தள்ளிப்போன பாடத்தை 12ஆம் வாரத்தில் பிடிக்கலாம். திருத்தாத தாளைப் பிடிக்க 76ஆம் நாளுக்குப் பிறகு இடமே இல்லை.

ஏன் யாருமே முன்கூட்டிச் சொல்லவில்லை

12ஆம் வாரக் கூட்டத்தில் கேட்கத்தான் கேட்டார்கள். "74க்குள்ள முடிஞ்சிடுமா, சார்?" "முடிச்சிடலாம் மேடம், பாத்துக்கலாம்." பொய் சொல்லும் நோக்கம் யாருக்கும் இல்லை. ஒரு வேலைக்கு எவ்வளவு நேரம் ஆகும் என்று கேட்டால், தடங்கல் இல்லாமல் நடந்தால் ஆகும் நேரத்தைத்தான் மனம் சொல்கிறது. 1994இல் பியூலர், கிரிஃபின், ராஸ் ஆகிய மூவர் வெளியிட்ட ஆய்வில், ஆய்வேடு எழுதிக்கொண்டிருந்த கல்லூரி மாணவர்கள் சராசரியாக 34 நாளில் முடிப்போம் என்றார்கள். 55 நாளுக்கு மேல் ஆனது. தன் வேலையைத் தானே மதிப்பிடும் எவருக்கும் இது நேரும்.

எனவே "முடியுமா" என்று கேட்பதை விட்டுவிட வேண்டும். இடைத்தேர்வு நடக்கும்போதே ஒவ்வொரு துறையிலும் ஒருவர் 5 தாளைக் கடிகாரம் வைத்துத் திருத்தட்டும். ஐந்தும் ஒரே தரத்தில் இருக்கக் கூடாது. நன்றாக எழுதுபவர் 2, நடுத்தரம் 2, தடுமாறுபவர் 1. சராசரியைத் தாள் எண்ணிக்கையால் பெருக்கினால் மணிக்கணக்கு வந்துவிடும். இதற்கு ஆகும் நேரம் ஒரு மணிக்கும் குறைவு. பருவத் தேர்வு நீளமானது என்பதால் மொத்த மதிப்பெண் விகிதத்தில் கூட்டிக்கொள்ள வேண்டும்: 50 மதிப்பெண் தாளுக்கு 5 நிமிடம் ஆனால் 100க்குக் குறைந்தது 10.

மணிக்கணக்கு பயமுறுத்தினால் வினாத்தாளைத்தான் மாற்ற வேண்டும், ஆசிரியரை விரட்டிப் பயனில்லை. சமூக அறிவியலில் ஒரு நெடுவினாவுக்குப் பதில் நிலப்படத்தில் குறிப்பதும் பொருத்துவதும் வைத்தால் தாளுக்கு 2 நிமிடம் குறையும். 200 தாளுக்கு 400 நிமிடம், ஆளுக்கு 6 மணி 40 நிமிடம் மிச்சம். ஆனால் நெடுவினாவை முழுதாக ஒழித்துவிடக் கூடாது; காரணம் காட்டி எழுதும் பயிற்சி அங்கேதான் நடக்கிறது. இரண்டு வேண்டும் என்றால் ஒன்றை இடைத்தேர்வுக்குத் தள்ளலாம்.

அவசரத்தில் கைவிடப்படும் இன்னொன்று, விடைக்குறிப்புக் கூட்டம். ஒரே பாடத்தை மூன்று பேர் மூன்று விதமாகத் திருத்தினால், பிரிவு மாறியதாலேயே குழந்தையின் மதிப்பெண் மாறும். 1912இல் ஸ்டார்ச், எலியட் இருவரும் ஒரே ஆங்கில விடைத்தாளைப் பல பள்ளிகளின் ஆசிரியர்களுக்கு அனுப்பிப் பார்த்தார்கள். கிடைத்த மதிப்பெண்கள் மேலும் கீழுமாக வெகுதூரம் சிதறியிருந்தன. அடுத்து வடிவியல் தாளில் பார்த்தபோதும் அப்படியே. தேர்வு நடந்த அன்றே பிற்பகல் 45 நிமிடம் துறையினர் ஒன்றாக உட்கார்ந்து, ஒரே 3 தாளைத் தனித்தனியே திருத்தி ஒப்பிட வேண்டும். எங்கே 2 மதிப்பெண்ணுக்கு மேல் வேறுபாடு வருகிறதோ அந்த வினாவுக்கு விடைக்குறிப்பில் ஒரு வரி சேர்க்க வேண்டும். பிறகு தாள் தாளாகத் திருத்தாமல் வினா வினாவாகத் திருத்துவது நல்லது: 40 பேரின் 1ஆம் வினா, அடுத்து 40 பேரின் 2ஆம் வினா. அளவுகோல் கையில் நிற்கும், வேகமும் கூடும். முன் வினாவில் அசத்திய பிள்ளைக்குப் பின் வினாவில் மனம் இளகுவதும் குறையும்.

23ஆம் வரிசை

600 மாணவர், 5 பாடம்: 3,000 எண். நூற்றுக்கு ஒன்று தவறினாலும் 30 தவறு. எக்செல் தாளில் ஏற்றும்போது நேரும் தவறுகள் நான்கைந்து வகைதான், ஆனால் ஒவ்வொன்றும் வேறு வழியில்தான் சிக்கும்.

இலக்கம் புரள்வது: 48க்குப் பதில் 84. கையெழுத்துப் பட்டியலின் கூட்டுத்தொகையையும் எக்செல் கூட்டுத்தொகையையும் ஒப்பிட்டால் வித்தியாசம் தெரியும். அந்த வித்தியாசம் 9ஆல் மீதியின்றி வகுபட்டால் இலக்கம் புரண்டிருக்க வாய்ப்பு அதிகம் (84 − 48 = 36); கணக்குப்பிள்ளைகளின் பழைய உத்தி. வராதவருக்குப் பூஜ்யம் போடுவது: கூட்டுத்தொகை மாறாது, ஆனால் வகுப்புச் சராசரி இறங்கும், பிள்ளை தேர்வெழுதித் தோற்றதாகக் கார்டு சொல்லும். இதற்கு வருகைப் பதிவேட்டில் அன்றைய வராதோர் எண்ணிக்கையையும் தாளில் 'வரவில்லை' குறிகளின் எண்ணிக்கையையும் ஒப்பிட வேண்டும். 50க்கு எழுதியதை 100க்கு என்று ஏற்றுவது: அந்தப் பாடத்தின் உச்ச மதிப்பெண்ணைப் பார்த்தாலே போதும்.

வரிசை நழுவுவதுதான் மோசம். இந்தப் பள்ளியில் நடந்தது இது: பருவத்தின் நடுவில் 23ஆம் எண் மாணவர் வேறு பள்ளிக்குப் போய்விட்டார். அலுவலகப் பட்டியலில் பெயரை நீக்கி எண்களை மேலே நகர்த்திவிட்டார்கள். ஆசிரியரின் கையேட்டில் 23ஆம் வரி கோடு போட்டு அடித்தபடி அப்படியே இருந்தது. ஏற்றுபவர் கையேட்டைப் பார்த்து 22 வரை சரியாக அடித்தார். 23இல் கோட்டைப் பார்த்து 'வரவில்லை' என்று போட்டார். அதற்கு அடுத்த வரியில் இருந்த எண்ணை அடுத்த பெயருக்குப் போட்டார்; அங்கிருந்து கடைசிவரை ஒவ்வொரு எண்ணும் ஒரு படி கீழே இறங்கியது. கடைசி எண்ணுக்கு இடமில்லாமல் பட்டியலுக்கு வெளியே போய் நின்றது. கூட்டல் வாய்பாடு அந்த வரியையும் சேர்த்துக்கொண்டதால் மொத்தம் அச்சுப் பிசகாமல் பொருந்தியது. கூட்டுத்தொகையை மட்டும் நம்பினால் இது சிக்காது.

சிக்க வைக்கும் வழி எளிது. ஒருவர் விடைத்தாளைக் கையில் வைத்துப் பெயரையும் மதிப்பெண்ணையும் வாசிக்க, இன்னொருவர் திரையில் பார்க்க வேண்டும். 40 பேரையும் பார்க்கத் தேவையில்லை: முதல் பெயர், கடைசிப் பெயர், நடுவில் ஒன்று, பள்ளியை விட்டுப்போனவர் அல்லது புதிதாகச் சேர்ந்தவர் எண்ணுக்கு அடுத்த பெயர். பிரிவுக்கு ஒரு பாடத்துக்கு 4 தாள், 2 நிமிடம். 75 பட்டியலுக்கு 150 நிமிடம். இந்த இரண்டரை மணி நேரத்தைத்தான் 77ஆம் நாள் இழந்தார்கள். மூல காரணத்தையும் சரிசெய்ய வேண்டும்: பருவத்தின் நடுவில் வரிசை எண்ணை மாற்றவே கூடாது. போனவரின் எண் காலியாக இருக்கட்டும். புதியவர் கடைசி எண்ணில் சேரட்டும். அடுத்த கல்வியாண்டில் ஒழுங்குபடுத்திக்கொள்ளலாம்.

கார்டில் எழுதும் வாசகம், பெற்றோர் வரிசை

வகுப்பாசிரியர் ஒரே இரவில் 40 கார்டுக்கு வாசகம் எழுதினால் "நன்று", "மேலும் முயற்சி தேவை" என்ற இரண்டுக்குள்தான் எல்லாம் அடங்கும். வாசகத்தை 12ஆம் வாரத்திலேயே எழுத ஆரம்பிக்கலாம். அதற்குத் தேர்வு மதிப்பெண் தேவையில்லை. நாளுக்கு 4 பேர் என்றால் 10 நாளில் முடியும். பிள்ளையால் இப்போது செய்ய முடிவது ஒன்று, தடுமாறும் இடம் ஒன்று, அடுத்த இரண்டு வாரத்தில் செய்ய வேண்டியது ஒன்று: "பின்னங்களைக் கூட்டுகிறான், பகுதி வேறுபட்டால் தடுமாறுகிறான், தினம் 3 கணக்கு போட்டால் போதும்." இதைப் படிக்கும் பெற்றோருக்கு வீட்டில் ஒரு வேலை கிடைக்கிறது. 1988இல் ரூத் பட்லர் வெளியிட்ட ஆய்வில், கருத்துரை மட்டும் பெற்ற மாணவர்கள் முன்னேறினார்கள். மதிப்பெண்ணும் கருத்துரையும் சேர்த்துப் பெற்றவர்களிடம் அந்தப் பலன் தெரியவில்லை. மதிப்பெண்ணைப் பார்த்ததும் கண் அங்கேயே நின்றுவிடுகிறது. விடைத்தாளைக் கருத்துரையோடு முதலில் கொடுத்து, மதிப்பெண்ணை ஓரிரு நாள் கழித்துச் சொல்ல ஒரு பள்ளியால் முடிந்தால், கட்டாயம் செய்ய வேண்டும்.

பெற்றோர் சந்திப்பை "9 முதல் 12 வரை" என்று சுற்றறிக்கையில் போட்டிருந்தார்கள். ஒருவருக்கு 5 நிமிடம் என்றால் 40 பேருக்கு 200 நிமிடம். 3 மணி நேரம் என்பது 180 நிமிடம். அடிப்படையே பொருந்தவில்லை. அதோடு வேலைக்குப் போகிறவர்கள் 9 மணிக்கே வந்துவிடுவார்கள். முதல் மணி நேரத்தில் 25 பேர் வந்தால் 12 பேரைத்தான் பார்க்க முடியும். மீதி 13 பேரில் கடைசியில் நிற்பவர் பேசி முடிக்க இன்னும் 65 நிமிடம். ஆளுக்கு 6 நிமிடம் ஒதுக்கி, நேரம் குறித்த சீட்டு அனுப்பி, 4 மணி நேரம் நடத்தினால் வரிசையே இருக்காது. நீண்டு பேச வேண்டிய 4, 5 பெற்றோரைக் கடைசியில் வைக்க வேண்டும், அல்லது வேறொரு நாளில் அழைக்க வேண்டும். வரிசையில் பின்னால் 12 பேர் நிற்கும்போது ஒரு பிள்ளையின் கஷ்டத்தைப் பற்றி மனம் விட்டுப் பேச யாராலும் முடியாது.

சாவி, நூலகப் புத்தகம், ஆய்வகப் பொருள், எரிவாயு அடைப்பான், கணினிக் கோப்புகளின் நகல் இவற்றுக்கெல்லாம் ஒரு பக்கப் பட்டியலும் கையொப்பமும் போதும். அதை 79ஆம் நாளில் முடித்துவிட வேண்டும். 80ஆம் நாள் பேருந்தைப் பிடிக்கிற அவசரத்தில் யாரும் ஆய்வக அலமாரியை எண்ண மாட்டார்கள்.

ஐந்து பாடத்திலும் இறங்கிய பிள்ளை

இந்தப் பருவ இறுதியில் மிகப் பெரிய இழப்பு தாமதமோ தவறான மதிப்பெண்ணோ இல்லை. இடைத்தேர்வில் நூற்றுக்கு 72, 68, 75, 70, 66 எடுத்த ஒரு மாணவி பருவத் தேர்வில் 58, 55, 61, 54, 50 எடுத்திருந்தார். எல்லாப் பாடத்திலும் தேர்ச்சி. அதனால் எந்தப் பாட ஆசிரியரின் 'கவனிக்க வேண்டியவர்' பட்டியலிலும் அவர் வரவில்லை. ஒவ்வொருவரும் தன் பாடத்தில் 13 முதல் 16 மதிப்பெண் குறைந்ததை மட்டுமே பார்த்தார். ஐந்தையும் ஒன்றாகப் பார்க்கக்கூடியவர் வகுப்பாசிரியர். அவர் கைக்கு 40 கார்டும் 78 காலை 8 மணிக்கு வந்தன. 9 மணிக்குப் பெற்றோர் வந்துவிட்டார்கள். அந்த மாணவிக்கு 80 நாளில் 11 நாள் வருகை இல்லை என்பதும், அதில் 8 நாள் 10ஆம் வாரத்துக்குப் பின் என்பதும் வருகைப் பதிவேட்டில் இருந்தன. வீட்டில் என்ன நடந்தது என்று யாரும் கேட்காமலேயே பெற்றோர் சந்திப்பு முடிந்துவிட்டது.

பிள்ளை ஒன்று ஐந்து பாடத்திலும் ஒரே சமயத்தில் இறங்கினால் காரணம் பெரும்பாலும் பாடத்தில் இருக்காது. பார்வை, உடல்நலம், தூக்கம், வீட்டு நிலைமை, சக மாணவர் தொல்லை, இவற்றில் ஏதோ ஒன்று. இதைக் கண்டுபிடிக்கும் தாள் மிக எளியது. எக்செலில் மாணவர் பெயர், 5 பாடத்துக்கும் இரண்டு தேர்வு மதிப்பெண், வித்தியாசம். 3 பாடத்திலோ அதற்கு மேலோ 10 மதிப்பெண்ணுக்கு மேல் இறங்கியவருக்கு ஒரு நிறம். 8 நாளுக்கு மேல் வராதவருக்கு, அதாவது பத்தில் ஒரு நாளை இழந்தவருக்கு, இன்னொரு நிறம். இரண்டு நிறமும் விழுந்தவர்களை அன்றே கூப்பிட்டுப் பேச வேண்டும். வினாத்தாள் கடினமாக இருந்தால் எல்லாரும் இறங்குவார்கள். அதனால் பிரிவின் சராசரி எவ்வளவு இறங்கியது என்பதை முதலில் கழித்துவிட்டுப் பார்க்க வேண்டும். இல்லாவிட்டால் பாதி வகுப்புக்கு நிறம் விழும், தாளை யாரும் மதிக்க மாட்டார்கள்.

600 கார்டிலும் தலைமை ஆசிரியர் கையெழுத்திட வேண்டும். கார்டுக்கு 15 நொடி என்றால் இரண்டரை மணி நேரம். ஒவ்வொன்றையும் ஒரு நிமிடம் படித்தால் 10 மணி நேரம். ஒரே நாளில் வந்து குவிந்தால் படிக்காமல்தான் கையெழுத்து விழும். பிரிவு பிரிவாக மூன்று நாளில் வந்தால் நிறம் விழுந்த எல்லாக் கார்டையும், மீதியில் பிரிவுக்கு ஐந்தையும் நிதானமாகப் படிக்க முடியும். அந்தப் பள்ளியில் எந்தப் பிள்ளை எப்படி இருக்கிறது என்று அவர் அறிந்துகொள்ளும் வழிகளில் இதைவிடச் சிறந்தது குறைவு.

திரும்பிப் பார்க்கும் கூட்டம்

நினைவை மட்டும் நம்பி இந்தக் கூட்டத்தை நடத்தக் கூடாது. 1993இல் உளவியலாளர் கானமனும் அவருடைய கூட்டாளிகளும் செய்த சோதனை ஒன்று: குளிர்ந்த நீரில் 60 நொடி கையை வைப்பது ஒரு முறை, அதே 60 நொடியோடு சற்றே குளிர் குறைந்த நீரில் இன்னும் 30 நொடி சேர்த்து வைப்பது இன்னொரு முறை. எதைத் திரும்பச் செய்வீர்கள் என்றபோது பெரும்பாலோர் நீண்டதைத் தேர்ந்தெடுத்தார்கள். முடிவு கொஞ்சம் இதமாக இருந்தது, அவ்வளவுதான். 16 வாரத்தை நினைவுகூரும்போதும் உச்சமும் முடிவும்தான் நிற்கும்: விழாவின் கைதட்டலும் பெற்றோர் சந்திப்பின் சச்சரவும். நடுவில் 9ஆம் வாரத்தில் நடந்தது மறைந்துவிடும்.

அதனால் கூட்டத்துக்கு முன் மேசையில் நான்கு பொருள் இருக்க வேண்டும்: பருவத்தின் தொடக்கத்தில் போட்ட நாட்காட்டி, உண்மையில் நடந்த தேதிகள் எழுதிய அதன் நகல், பதிலி வகுப்புப் பதிவேடு, அலுவலகத்துக்கு வந்த புகார்க் குறிப்பேடு. பதிலிப் பதிவேட்டைக் கிழமைவாரியாக எண்ணினால் பல உண்மைகள் வெளிவரும். ஆசிரியர் விடுப்புகள் திங்களில் அதிகம் விழுந்த பருவத்தில், வாரம் 5 பாடவேளையில் 2ஐத் திங்களில் வைத்திருந்த பிரிவு மற்றவற்றைவிட அந்தப் பாடத்தில் பின்தங்கியிருக்கும். டைம்டேபிளில் ஒரே பாடத்தின் இரண்டு பாடவேளையை ஒரே கிழமையில் வைக்காமல் இருந்தாலே இது பாதியாகும்.

1970களில் அமெரிக்க ராணுவம் பயிற்சிக்குப் பின் நடத்தத் தொடங்கிய மீளாய்வு முறையின் நான்கு கேள்விகள் பள்ளிக்கும் அப்படியே பொருந்தும்: என்ன நடந்திருக்க வேண்டும், என்ன நடந்தது, ஏன் வேறுபட்டது, அடுத்த முறை எதை மாற்றுவது. கூட்டம் 79ஆம் நாள், 60 நிமிடம். முதல் 10 நிமிடம் யாரும் பேசக் கூடாது. எல்லாரும் எழுத வேண்டும். பிறகு பணியில் இளையவரிலிருந்து பேச்சு தொடங்க வேண்டும். தலைமை ஆசிரியர் கடைசியில்தான் பேச வேண்டும். அவர் முதலில் வாய் திறந்து "சமூக அறிவியல்தான் தாமதம்" என்று சொல்லிவிட்டால், மீதி எல்லாரும் அதைச் சுற்றியே பேசுவார்கள்; வரிசைதான் காரணம் என்று அறிந்தவர் வாயை மூடிக்கொள்வார்.

வெளிவரும் குறைகள் இருபது முப்பது இருக்கும். அடுத்த பருவத்துக்கு மூன்றை மட்டும் எடுத்துக்கொள்வது நல்லது. ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர், ஒரு தேதி. புதிய படிவம் எதையாவது சேர்த்தால் பழையது ஒன்றை நீக்கியாக வேண்டும். ஒவ்வொரு பருவமும் ஒரு பதிவேடு கூடிக்கொண்டே போவதும் நெருக்கடிக்குக் காரணம். இந்தப் பள்ளி எடுத்த மூன்று: தேர்வு வரிசையைத் திருத்தும் மணிக்கணக்கின்படி அமைப்பது (துணைத் தலைமை ஆசிரியர், 3ஆம் வாரம் வெள்ளி), ஆண்டு விழாவை 11ஆம் வாரத்துக்கு மாற்றுவது (விழாக் குழு, பள்ளி திறந்த முதல் வாரம்), நிறத் தாளை 76ஆம் நாள் மாலைக்குள் வகுப்பாசிரியர்களுக்குக் கொடுப்பது (கணினி ஆசிரியர்). மூன்றையும் அடுத்த பருவ நாட்காட்டியில் ஏற்றிய பிறகே கூட்டத்தை முடித்தார்கள். முன்பு எழுதிய "காலக்கெடுவை மதிக்கவில்லை" என்ற வரியைத் தலைமை ஆசிரியர் அடித்துவிட்டு, பற்றாக்குறை 13 மணி 20 நிமிடம் என்று எழுதினார். கூட்டத்திலேயே அந்த மூன்று ஆசிரியர்களிடமும் கணக்கைக் காட்டினார்.

நான்காவதாக ஒன்றும் நடந்தது. நிறத் தாளைப் பழைய மதிப்பெண்களோடு அன்றே போட்டுப் பார்த்ததில் 9 பெயருக்கு இரண்டு நிறமும் விழுந்தன. 80ஆம் நாள் காலையில் அந்த 9 பேரின் வகுப்பாசிரியர்களுக்கும் முதல் இரண்டு பாடவேளை விடுவிக்கப்பட்டது. பிள்ளைகளோடு தனியே பேசினார்கள். வீடுகளுக்குத் தொலைபேசியில் அழைத்தார்கள். 7 வீட்டில் பேச முடிந்தது. பேச முடியாத 2 பேரின் பெயர் அடுத்த பருவத்தின் முதல் நாள் பக்கத்தில், வருகைப் பதிவுக்கு முன்னால் செய்ய வேண்டிய வேலையாகக் குறிக்கப்பட்டிருக்கிறது.